எக்மோவில் இருக்கும் குழந்தைக்கு ரத்தம் உறையாமல் காப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பிறந்து இரண்டு நாளான, 3 கிலோ எடையுள்ள ஒரு குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். கருப்பையிலேயே மலம் கழித்து, அதை நுரையீரலுக்குள் இழுத்துக்கொண்ட குழந்தை. வென்டிலேட்டர் போதவில்லை; நைட்ரிக் ஆக்சைடும் கைகொடுக்கவில்லை. கழுத்தின் வலப்பக்க ரத்தக்குழாய்களில் கேனுலா எனப்படும் தடித்த குழாய்களைச் செருகி, ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பி இதயத்துக்கும் நுரையீரலுக்கும் ஓய்வு தரும் எக்மோ இயந்திரத்தில் இணைத்திருக்கிறார்கள். அந்தச் சிறு உடம்பில் இருக்கும் மொத்த ரத்தம் ஏறத்தாழ 250 மில்லி. இயந்திரத்தின் குழாய்களையும், ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் பகுதியான ஆக்சிஜனேட்டரையும் நிரப்புவதற்கே பெரும்பாலும் அதைவிட அதிகம் வேண்டும்.

ரத்தக்குழாயின் உட்சுவரைத் தவிர வேறு எதைத் தொட்டாலும் உறைவதுதான் ரத்தத்தின் இயல்பு. இங்கே அது நாள் முழுவதும் பிளாஸ்டிக்கைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. உறையவிட்டால் ஆக்சிஜனேட்டர் அடைத்துக்கொள்ளும், ரத்தக்கட்டி மூளைக்குப் போகும். உறையாமலிருக்க மருந்தைக் கூட்டினால் அதே மூளையில் ரத்தம் கசியும். எக்மோவில் இருக்கும் குழந்தைகளை நாம் இழப்பதற்கு இந்த இரண்டும் பெரிய காரணங்கள்.

இந்த வழிகாட்டி குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேரும் செவிலியர்களுக்கும் இளம் மருத்துவர்களுக்கும் எழுதப்பட்டது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோரும் படிக்கலாம். உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. இதில் வரும் அளவுகள் பொதுவாக வழக்கத்தில் உள்ளவை. உங்கள் பிரிவின் எழுத்துபூர்வமான நெறிமுறை வேறு எண்ணைச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். 2024-ல் குழந்தைகளுக்கான எக்மோ உறைவுத்தடுப்பு நிபுணர் குழு வெளியிட்ட பரிந்துரைகளிலும் பெரும்பகுதி வலுவான ஆய்வுச் சான்றைவிட நிபுணர்களின் கருத்தொற்றுமையை நம்பியே நிற்கிறது. அதனால்தான் மையத்துக்கு மையம் எண்கள் மாறுகின்றன.

முதலில்: பச்சிளங்குழந்தையின் ரத்தம் வேறு

கனடாவின் ஹாமில்டன் நகரில் பணியாற்றிய மருத்துவர் மவ்ரீன் ஆண்ட்ரூ 1980-களில் ஒரு பெரிய வேலையைச் செய்தார். ஆரோக்கியமாகப் பிறந்த குழந்தைகளின் ரத்தத்தில் உறைதல் காரணிகள் எவ்வளவு இருக்கின்றன என்று பிறந்த நாளிலிருந்து ஆறாம் மாதம் வரை அளந்து பதிவு செய்தார். கல்லீரல் வைட்டமின் கே உதவியுடன் உருவாக்கும் காரணிகள் பெரியவர்களிடம் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான் என்று தெரிந்தது. உறைதலைக் கட்டுப்படுத்தும் ஆன்டித்ராம்பினும் அப்படித்தான், பாதி அளவே. தராசின் இரண்டு தட்டிலும் எடை குறைவாக இருப்பதால் முள் நடுவில் நிற்கிறது. நலமாக உள்ள குழந்தைக்கு ரத்தம் கசிவதும் இல்லை, கட்டுவதும் இல்லை.

ஆனால் எடை குறைந்த தராசு சிறு தூசி விழுந்தாலே சாயும். ரத்தம் உறையாமலிருக்க நாம் கொடுக்கும் ஹெப்பாரின் என்ற மருந்து தானாக எதையும் செய்வதில்லை. ஆன்டித்ராம்பினோடு சேர்ந்து, அதன் வேகத்தைப் பன்மடங்கு கூட்டுகிறது. ஆன்டித்ராம்பின் பாதி இருக்கும் குழந்தைக்கு ஹெப்பாரின் கூடுதலாகத் தேவைப்படுவது இதனால்தான். பெரியவர்களின் கணக்கை எடையால் வகுத்துக் குழந்தைக்குக் கொடுப்பவர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்.

படி 1: இணைப்பதற்கு முன்

நேரம் இருந்தால் தலையின் அல்ட்ராசவுண்ட் எடுங்கள். உச்சிக்குழி வழியாகப் படுக்கையிலேயே எடுத்துவிடலாம். ஏற்கெனவே மூளைக்குள் குறிப்பிடத்தக்க ரத்தக்கசிவு இருந்தால் எக்மோ வேண்டுமா என்பதையே மறுபடி யோசிக்க வேண்டும். 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும் 2 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கும் பெரும்பாலான மையங்கள் தயங்குவதும் இதே பயத்தால்தான். அந்த வயதில் மூளையின் உள்ளறையை ஒட்டிய நாளங்கள் மிக மெலிதானவை.

ரத்த அணுக்கள் எண்ணிக்கை, ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஏ.பி.டி.டி., ஐ.என்.ஆர்., ரத்தக்கட்டியாக இறுகும் புரதமான ஃபைப்ரினோஜன், ஆன்டித்ராம்பின் ஆகியவற்றின் தொடக்க அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்க எண் கையில் இல்லையென்றால் மூன்றாம் நாள் வரும் எண்ணுக்குப் பொருள் சொல்ல முடியாது. ரத்த வங்கிக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். சிறு குழந்தையின் சர்க்யூட்டை, அதாவது ரத்தம் சுற்றிவரும் குழாய்த் தொடரை, உப்பு நீரால் மட்டும் நிரப்பினால் குழந்தையின் ரத்தம் மிகவும் நீர்த்துவிடும். சிவப்பணுக்களும் பிளாஸ்மாவும் சேர்த்தே நிரப்ப வேண்டும்.

படி 2: சிரிஞ்ச் தயாரிப்பது

இந்தப் படியில் சற்று அதிக நேரம் நிற்கப் போகிறேன், காரணம் இருக்கிறது. 2006-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகர மருத்துவமனை ஒன்றில் குறைமாதக் குழந்தைகளுக்கு மில்லிக்கு 10 யூனிட் ஹெப்பாரினுக்குப் பதில் மில்லிக்கு 10,000 யூனிட் உள்ள குப்பியிலிருந்து மருந்து போய்விட்டது. மூன்று குழந்தைகள் இறந்தன. ஆயிரம் மடங்கு தவறு, பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்த இரண்டு குப்பிகளால் நேர்ந்தது.

இந்தியாவில் ஹெப்பாரின் 5 மில்லி குப்பிகளில் இரண்டு வீரியத்தில் கிடைக்கிறது: மில்லிக்கு 1,000 யூனிட், மில்லிக்கு 5,000 யூனிட். குப்பியின் அளவு ஒன்றே. நம் குழந்தையின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பல பிரிவுகளில் வழக்கமான எளிய முறை, கிலோவுக்கு 500 யூனிட்டை 50 மில்லியாகக் கலப்பது. அப்படிக் கலந்தால் மணிக்கு 1 மில்லி ஓடும்போது கிலோவுக்கு 10 யூனிட் போகும். 3 கிலோவுக்கு 1,500 யூனிட், அதாவது மில்லிக்கு 1,000 உள்ள குப்பியிலிருந்து 1.5 மில்லி. மணிக்கு 2 மில்லி ஓடவிட்டால் கிலோவுக்கு 20 யூனிட், சரியான அளவு. அவசரத்தில் அதே 1.5 மில்லியை மற்றக் குப்பியிலிருந்து எடுத்திருந்தால்? பம்பின் திரையில் அதே 2 மில்லி தெரியும், குழந்தைக்குக் கிலோவுக்கு 100 யூனிட் போய்க்கொண்டிருக்கும். எந்த அலாரமும் அடிக்காது.

அதனால், ஒருவர் கலக்க இன்னொருவர் தனியாகக் கணக்குப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். முதலாமவரின் தாளைப் பார்த்துத் தலையாட்டுவது சரிபார்ப்பு ஆகாது. குப்பியின் வீரியத்தை வாய்விட்டுப் படியுங்கள். காலிக் குப்பியை அடுத்த ஷிஃப்ட் வரும்வரை எறியாமல் வையுங்கள். முடிந்தால் குழந்தைகள் பிரிவில் ஒரு வீரியத்தை மட்டுமே வைத்திருக்கச் சொல்லி மருந்தகத்திடம் பேசுங்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒரு காரியத்தை மட்டும் செய்வீர்களானால், அது இதுவாக இருக்கட்டும்.

படி 3: தொடங்குவது

கேனுலா செருகும் நேரத்தில் கிலோவுக்கு 50 முதல் 100 யூனிட் வரை ஒரே தடவையாகக் கொடுப்பார்கள். பிறகு ஏ.சி.டி. எனப்படும் படுக்கையருகுப் பரிசோதனையில் உறையும் நேரம் 300 வினாடிக்குக் கீழே இறங்கியதும் தொடர் மருந்து ஆரம்பிக்கும். வழக்கமான தொடக்கம் மணிக்குக் கிலோவுக்கு 10 முதல் 20 யூனிட். பச்சிளங்குழந்தைகளுக்கு இது போகப்போக 30, 40 என்று ஏறுவது அபூர்வமல்ல.

இதய அறுவை சிகிச்சை முடிந்த கையோடு எக்மோவுக்கு வரும் குழந்தைக்கு விதிவிலக்கு உண்டு. மார்புக் குழாயில் ரத்தம் வடிந்துகொண்டிருக்கும்போது ஹெப்பாரின் தொடங்கக் கூடாது. ஓட்டத்தை நன்றாக வைத்துக்கொண்டு சில மணி நேரம் மருந்தில்லாமல் ஓட்டலாம். வடிதல் அடங்கிய பிறகு தொடங்கலாம். வேகமாக ஓடும் ரத்தம் எளிதில் உறைவதில்லை. இதன் மறுபக்கத்தையும் நினைவில் வையுங்கள்: எப்போது ஓட்டத்தைக் குறைக்கிறீர்களோ அப்போது கட்டி உண்டாகும் அபாயம் ஏறுகிறது.

படி 4: அளப்பது

மூன்று அளவுகோல்கள் இருக்கின்றன. ஏ.சி.டி. சில துளி ரத்தத்தில் சில நிமிடத்தில் விடை தரும். இலக்கு பொதுவாக 180 முதல் 220 வினாடி. ஏ.பி.டி.டி. ஆய்வகத்திலிருந்து வரும், தொடக்க அளவைப்போல் ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு. ஆன்டி-டென்-ஏ என்பது ஹெப்பாரினின் வேலையை மட்டும் அளப்பது. இலக்கு மில்லிக்கு 0.3 முதல் 0.7 யூனிட். ரத்தக்கசிவுக்கு வாய்ப்புள்ள குழந்தைக்கு இந்த எல்லைகளின் கீழ்ப்பக்கத்தில் நிற்பார்கள்.

முதல் நாள் ஏ.சி.டி. மணிக்கொருமுறை, நிலைபெற்ற பிறகு இடைவெளி கூடும். மற்றவை 6 முதல் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. தட்டணுக்களும் ஃபைப்ரினோஜனும் அதே நேரத்தில். பச்சிளங்குழந்தைக்குத் தட்டணுக்களை பொதுவாக 1 லட்சத்தை ஒட்டியும், ஃபைப்ரினோஜனை டெசிலிட்டருக்கு 100 முதல் 150 மில்லிகிராமுக்கு மேலும் வைத்திருப்பார்கள்.

ஒவ்வொரு மில்லிக்கும் விலை உண்டு. ஒரு தடவைக்கு 2 மில்லி வீதம் நாளில் பதினைந்து தடவை எடுத்தால் 30 மில்லி; நம் குழந்தையின் சொந்த ரத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். சிறிய குப்பிகளைக் கேட்டு வாங்குங்கள். அதே வேளையில் சிட்ரேட் குப்பியில் கோடு வரை ரத்தம் இல்லாவிட்டால் விடை பொய்யாக நீளும், மறுபடி எடுக்க நேரும். ஹெப்பாரின் கலந்த நீர் ஓடும் குழாயிலிருந்து மாதிரி எடுத்தாலும் பொய்யான எண்தான் வரும். நள்ளிரவில் திடுக்கிடவைக்கும் எண் வந்தால், மருந்தை மாற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: மாதிரியை எங்கிருந்து எடுத்தோம்?

படி 5: எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதபோது

இது தினமும் நடக்கும். எக்மோவில் தேர்ந்தவர் யார் என்பது இங்கேதான் தெரியும். எண்ணைப் பார்த்தவுடன் பம்பின் பொத்தானைத் தொடாதீர்கள். குழந்தையைப் பாருங்கள், சர்க்யூட்டைப் பாருங்கள், கடைசியாக எண்ணைப் பாருங்கள்.

ஏ.சி.டி. 240, ஆன்டி-டென்-ஏ 0.2 என்று வருகிறது. ஒன்று மருந்து அதிகம் என்கிறது, இன்னொன்று போதாது என்கிறது. ஏ.சி.டி. முழு ரத்தத்தையும் அளக்கிறது. தட்டணுக்கள் குறைந்தாலோ, ஃபைப்ரினோஜன் குறைந்தாலோ, ரத்தம் நீர்த்தாலோ, உடம்பு குளிர்ந்தாலோ அது நீளும். அப்படியானால் குறை ஹெப்பாரினில் இல்லை. இல்லாததை ஈடுசெய்ய வேண்டும். இன்னொரு வாய்ப்பும் உண்டு. சிவப்பணுக்கள் உடைந்து பிளாஸ்மாவில் ஹீமோகுளோபின் கலந்திருந்தாலோ, மஞ்சள் காமாலை அதிகமாக இருந்தாலோ, ரத்தத்தில் கொழுப்பு ஏறியிருந்தாலோ ஆன்டி-டென்-ஏ பொய்யாகக் குறைந்து காட்டும். அந்தப் பரிசோதனை நிறத்தை அளந்து விடை சொல்வது. பிளாஸ்மாவின் சொந்த நிறம் அதைக் குழப்பிவிடுகிறது. சுழற்றிய குப்பியின் மேற்பகுதியைக் கண்ணால் பாருங்கள். இளஞ்சிவப்பாகவோ அடர் மஞ்சளாகவோ இருந்தால் அந்த 0.2-ஐ நம்பி மருந்தைக் கூட்டுவது ஆபத்து.

எல்லாமே குறைவாக வருகிறது, ஹெப்பாரின் மட்டும் 40-ஐத் தாண்டிவிட்டது என்றால் ஆன்டித்ராம்பின் குறைவை நினையுங்கள். பிளாஸ்மா கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி கொடுத்தால் அது ஓரளவு ஏறும். செறிவூட்டிய ஆன்டித்ராம்பின் மருந்தும் உண்டு; விலை அதிகம், எல்லாக் குழந்தைக்கும் வழக்கமாகக் கொடுப்பதால் நன்மை என்று நிரூபணமாகவில்லை. கொடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே ஹெப்பாரினைக் குறையுங்கள். அதுவரை வேலையற்று இருந்த ஹெப்பாரின் முழுவதும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும். மூளையில் கசிவு ஏற்பட அது போதும்.

டெக், ரோட்டம் போன்ற கருவிகள் இருக்கும் இடத்தில் கட்டி எப்படி உருவாகி எவ்வளவு உறுதியாகிறது என்பதை வரைபடமாகப் பார்க்கலாம். ஹெப்பாரினை நீக்கும் நொதி சேர்த்த மாதிரியையும் சேர்க்காத மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கசிவுக்குக் காரணம் மருந்தா குறைபாடா என்பது விளங்கிவிடும்.

படி 6: டார்ச் விளக்கு

விலை உயர்ந்த பரிசோதனைகளுக்கு நடுவே என் நம்பிக்கைக்குரிய கருவி ஒரு சாதாரண டார்ச். ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் இடையிலும் சர்க்யூட் முழுவதையும் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். இணைப்புகள், மூவழித் திருகுகள், ஆக்சிஜனேட்டரின் மூலைகள், ஓட்டம் மெதுவாகும் எல்லா இடங்களும். வெண்ணிற இழைகள் ஃபைப்ரின், அதாவது இறுகிய ஃபைப்ரினோஜன். கருஞ்சிவப்புத் திட்டுகள் ரத்தக்கட்டி. படம் வரைந்து இடத்தைக் குறியுங்கள், அடுத்தவர் அது வளர்ந்ததா என்று ஒப்பிடட்டும்.

எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கவலை. ஆக்சிஜனேட்டருக்கு முன்னால் இருக்கும் சிறு கட்டியை ஆக்சிஜனேட்டரே சல்லடைபோல் தடுத்துவிடும், கவனித்துக்கொண்டிருந்தால் போதும். ஆக்சிஜனேட்டருக்குப் பின்னால், குழந்தையை நோக்கிப் போகும் பாதையில் இருப்பது கடுகளவு என்றாலும் உடனே மூத்தவரை எழுப்புங்கள். தமனியில் திரும்பும் வகை எக்மோவில் அந்தப் பாதை நேராக மூளைக்கும் போகிறது.

ஆக்சிஜனேட்டரின் இருபக்க அழுத்த வித்தியாசம் ஏறுவது, அதைத் தாண்டி வரும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவது, ரத்தக்கட்டி கரைவதால் உண்டாகும் துணுக்கான டி-டைமர் நாளுக்கு நாள் ஏறத் தட்டணுக்களும் ஃபைப்ரினோஜனும் இறங்குவது, சிறுநீர் தேநீர் நிறமாவது: இவை கூடிவந்தால் சர்க்யூட் தன் ஆயுளை முடித்துக்கொண்டிருக்கிறது. அதை மாற்றும் வேலையைத் திட்டமிட்டுப் பகலில் செய்யுங்கள். அடைபட்ட பின் இரவில் செய்வதற்கு அது எவ்வளவோ மேல்.

படி 7: ரத்தம் கசிந்தால்

தடுப்பது எளிது. ஊசியைத் தசையில் போடாதீர்கள், குதிகாலில் குத்தாதீர்கள், ஆசனவாயில் வெப்பமானி வைக்காதீர்கள், மூக்கில் புதுக் குழாய் செருகாதீர்கள், சளியை உறிஞ்சும்போது குழாயின் நுனியைத் தாண்டிப் போகாதீர்கள்.

கேனுலா இடத்தில் கசிந்தால் முதலில் அழுத்தம், பிறகு அறுவை மருத்துவரின் கண். தட்டணுக்களை 1 லட்சத்துக்கு மேலும் ஃபைப்ரினோஜனை 150 முதல் 200-க்கு மேலும் ஏற்றுங்கள். ஹெப்பாரின் இலக்கைக் குறையுங்கள். நிற்கவில்லையென்றால் மருந்தைச் சில மணி நேரம் நிறுத்தலாம். நல்ல ஓட்டத்தில் சர்க்யூட் பொதுவாக அதைத் தாங்கும். உண்டான கட்டி கரைவதைத் தடுக்கும் டிரனெக்ஸாமிக் அமிலம் சில இடங்களில் உதவும். புரோட்டமைன் கொடுத்து ஹெப்பாரினை முறிக்கக் கை பரபரக்கும், பொறுங்கள். ஹெப்பாரின் நிறுத்திய சில மணி நேரத்தில் தானே அடங்கிவிடும், முறிமருந்தோ சர்க்யூட்டையே உறையவைக்கக்கூடும்.

எல்லா எண்களும் சரியாக இருந்தும் கசிவு நிற்காவிட்டால், தட்டணுக்களைக் காயத்தில் ஒட்டவைக்கும் புரதமான வான் வில்லிபிராண்ட் காரணியை நினையுங்கள். பம்பின் வேகச் சுழற்சியில் அந்தக் காரணியின் நீண்ட சங்கிலிகள் அறுபடுகின்றன. எக்மோவில் ஏறத்தாழ எல்லா நோயாளிகளுக்கும் இது நடக்கிறது, வழக்கமான பரிசோதனைகளில் தெரிவதில்லை.

மூளைக் கசிவு சத்தம் போடாமல் வரும். வலிப்பு, உச்சிக்குழி புடைத்தல், காரணமில்லாமல் ஹீமோகுளோபின் இறங்குதல், கண்பாவை மாறுதல். தொடக்க நாட்களில் தினமும் தலையின் அல்ட்ராசவுண்ட் எடுப்பது இதற்காகத்தான். கண்டுபிடித்தால் ஹெப்பாரினை நிறுத்திவிட்டு, எக்மோவிலிருந்து இறக்க முடியுமா என்று குழு உடனே கூடிப் பேச வேண்டும். பெற்றோரை அந்தப் பேச்சுக்குப் பிறகு கூப்பிடாமல், பேச்சு நடக்கும்போதே கூப்பிடுங்கள்.

படி 8: ஹெப்பாரின் ஒத்துவராதபோது

ஹெப்பாரின் பழைய மருந்து. 1916-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் கண்டறிந்ததிலிருந்து அதன் கதை தொடங்குகிறது. இன்று அது பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. சில குடும்பங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி. கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

மாற்றாக இப்போது பல மையங்கள் பைவாலிருடினுக்கு வந்திருக்கின்றன. அட்டை கடித்தால் ரத்தம் நிற்காமல் வழிவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் உமிழ்நீரில் உள்ள ஹிருடின் என்ற பொருளை முன்மாதிரியாக வைத்துச் செயற்கையாக உருவாக்கிய மருந்து இது. ஆன்டித்ராம்பினை நம்பியிராமல், ரத்தத்தை உறையவைக்கும் நொதியான த்ராம்பினை நேராகப் பிடிக்கிறது. தொடக்க அளவு மணிக்குக் கிலோவுக்கு 0.1 முதல் 0.3 மில்லிகிராம், சிறுநீரகம் பழுதானால் இன்னும் குறைவு, ஏ.பி.டி.டி. பார்த்துச் சரிசெய்வார்கள். உடம்பில் பாதியாகக் குறைய 25 நிமிடமே ஆகும். முறிமருந்து கிடையாது. ரத்தத்திலுள்ள நொதிகளே இதைச் சிதைப்பதால், ஓட்டமில்லாமல் தேங்கும் ரத்தத்தில் மருந்து தீர்ந்து கட்டி உண்டாகும். துடிப்பு மிகவும் பலவீனமான இதயத்தின் அறைகளைக்கூட இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும்.

தொடங்கி 5 முதல் 10 நாட்களுக்குள் தட்டணுக்கள் பாதிக்குக் கீழே விழுந்தால் ஹெப்பாரினால் வரும் தட்டணுக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். குழந்தைகளுக்கு அரிது. உண்மையாக இருந்தால் குழாய் கழுவும் நீரிலிருக்கும் ஹெப்பாரின் உட்பட எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும்.

படி 9: இறக்குவதும் அதன் பிறகும்

நுரையீரல் தெளிந்து ஓட்டத்தைக் குறைக்கும் நாட்கள் மகிழ்ச்சியானவை. அதே காரணத்தால் கவனம் தளரும் நாட்களும்கூட. ஓட்டம் குறையும்போது ஏ.சி.டி.-யை அடிக்கடி பாருங்கள், இலக்கின் மேற்பக்கத்தில் வையுங்கள். கேனுலாவை அடைத்துச் சோதிக்கும்போது ஹெப்பாரினை சர்க்யூட்டிலிருந்து குழந்தையின் சொந்த சிரைக்கு மாற்ற மறக்கக் கூடாது. தேங்கும் கேனுலாக்களைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து ஓடவிட வேண்டும்.

கேனுலா எடுத்த சில நாட்களுக்குள் அது இருந்த ரத்தக்குழாயை டாப்ளர் ஸ்கேனில் பாருங்கள். கட்டி இருப்பது அரிதல்ல. இருந்தால் தோலடியில் எனாக்ஸாபாரின் என்ற ஹெப்பாரின் வகை ஊசி: இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 1.5 மில்லிகிராம், அதற்கு மேல் 1 மில்லிகிராம். ஊசி போட்டு நான்கு மணி நேரம் கழித்து எடுக்கும் ஆன்டி-டென்-ஏ 0.5-க்கும் 1-க்கும் இடையில் இருக்க வேண்டும். சிகிச்சை பல வாரம் நீளும் என்பதால், வீட்டுக்குப் போகும் முன் தாய்க்கோ தந்தைக்கோ ஊசி போடக் கற்றுக்கொடுங்கள். சிரிஞ்சின் எந்தக் கோடு வரை இழுக்க வேண்டும் என்பதை ஒரு காலிச் சிரிஞ்சில் பேனாவால் குறித்து அவர்கள் கையில் கொடுங்கள். எடை கூடக்கூட அந்தக் கோடு மாறும் என்பதையும், அடுத்து எடை பார்க்க வரவேண்டிய தேதியையும் அதே சிரிஞ்ச் உறையின் மேல் எழுதிவிடுங்கள்.